13 வயதில் ஈகிள் ஆகலாமா? ஸ்கவுட் கமிட்டித் தகப்பன் ஒருவரின் கேள்வி

கேள்வி: டெக்சஸ் மாநிலத்தில் டல்லாஸுக்குப் பக்கத்துப் புறநகர் ஒன்றில் வசிக்கிறோம். மகன் ஸ்கவுட் ட்ரூப்பில், அதாவது சாரணர் குழுவில், சேர்ந்ததும், வாராவாரம் காரில் உட்கார்ந்து காத்திருப்பதற்குப் பதிலாக நானும் தன்னார்வலராகப் பதிந்துகொண்டேன். இப்போது கமிட்டியில் படி உயர்வைக் கவனிக்கும் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. சில மாதங்களாகக் கூட்டம் கூடினாலே சண்டை. 13 வயதுச் சிறுவன் ஒருவன், சாரணர்களின் மிக உயர்ந்த படியான ஈகிளுக்குத் தேவையான பேட்ஜ்களையெல்லாம் (திறமைச் சின்னங்கள்) முடித்துவிட்டான். 16 வயதுக்கு முன்பு ஈகிள் கொடுத்தால் அதற்கு மதிப்பே இல்லை என்கிறார் ட்ரூப்பை நடத்தும் எங்கள் மூத்த ஸ்கவுட்மாஸ்டர். படி உயர்வுக்கு முன் பையனைக் கூப்பிட்டுப் பேசும் ரிவ்யூ போர்டில் காயத்துக்குக் கட்டுப் போடவும் கயிற்றில் முடிச்சுப் போடவும் சொல்லிச் சோதிக்க வேண்டும் என்கிறார்கள் வேறு சிலர். இன்னொரு பையனுக்கு 18 வயது நிறைய நான்கு மாதங்களே இருக்கின்றன. வார இறுதித் தமிழ்ப் பள்ளிக்குப் புத்தக அலமாரிகள் செய்து தருவது, ஈகிளுக்காக அவன் செய்ய வேண்டிய சேவைத் திட்டம். குறைந்தது 100 மணி நேர வேலை இருக்க வேண்டும் என்றும், 'உங்கள் ஆட்களுக்கே' செய்துகொள்வது சேவையாகுமா என்றும் கேட்டுத் திருப்பிவிட்டார்கள். அந்தப் பையனின் அப்பா, பலகை அறுப்பது முதல் எல்லாவற்றையும் தானே முடித்துத் தருவதாகச் சொல்கிறார். மூன்றாவது சண்டை, படகுப் பயணம். வரவேண்டிய இரண்டு பொறுப்பாளர்களில் ஒருவருக்குக் காய்ச்சல். பதிவு செய்யாத ஒரு தகப்பனார், மருத்துவர், நன்றாக நீந்தக்கூடியவர், தான் வருவதாகச் சொன்னார். அப்படியும் பயணத்தை ரத்து செய்துவிட்டார்கள். கிணற்றில் குதித்து நீச்சல் கற்ற நமக்கு இதெல்லாம் அதிகப்படியாகத் தெரிகிறது. நான் யார் பக்கம் நிற்க வேண்டும்? ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், அந்த 13 வயதுச் சிறுவன் என் மகன்.

— ஒரு தகப்பன்

பதில்: அன்பருக்கு வணக்கம்.

கடிதத்தின் கடைசி வரியை நீங்கள் கமிட்டிக் கூட்டத்தில் முதல் வரியாகச் சொல்லியிருக்க வேண்டும். மகனுடைய கோப்பு விவாதத்துக்கு வரும்போது படி உயர்வுப் பொறுப்பாளரின் நாற்காலியில் தகப்பனே உட்கார்ந்திருந்தால், எவ்வளவு நியாயமாகப் பேசினாலும் அது மகனுக்கான வாதாடலாகத்தான் மற்றவர்கள் காதில் விழும். தம் பிள்ளையின் ரிவ்யூ போர்டில் பெற்றோர் உட்காரக் கூடாது என்பது எழுதப்பட்ட விதி. அந்த விதியின் நியாயத்தைச் சற்று நீட்டி, மகன் தொடர்பான காகிதங்கள் அனைத்தையும் கமிட்டியில் வேறொருவரிடம் ஒப்படைத்துவிடுங்கள். அதைச் செய்யாமல் கீழே நான் எழுதுவதில் எதையும் அங்கே எடுத்துச் சொல்ல வேண்டாம், எடுபடாது.

இனி சண்டைகள். கண்டிப்பானவர்கள் ஒரு பக்கம், தாராளமானவர்கள் ஒரு பக்கம் என்று உங்கள் கமிட்டி கட்சி பிரிந்திருக்கிறது. நான் ஒரு பகுதியின் ட்ரூப்புகளை மேற்பார்க்கும் கவுன்சிலில் ஊழியராக இருந்து ட்ரூப் பொறுப்பாளர்களுக்குப் பயிற்சி கொடுத்த காலத்திலும் பெரும்பாலான பஞ்சாயத்துகள் இந்த உருவத்தில்தான் வந்து சேர்ந்தன. ஆனால் நீங்கள் சொல்லும் மூன்றும் ஒரே வகை அல்ல. முதலாவதில் கமிட்டிக்கு அதிகாரமே கிடையாது. மூன்றாவதில் விதியைத் தளர்த்தும் அதிகாரம் கிடையாது. நடுவில் இருக்கும் சேவைத் திட்டம் ஒன்றில்தான் பெரியவர்கள் உட்கார்ந்து யோசித்து முடிவு சொல்ல வேண்டிய வேலை இருக்கிறது. அங்கேதான் உங்கள் கமிட்டி யோசிக்காமல் ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

முதலில் 16 வயது. ஸ்கவுட்டிங் அமெரிக்கா (2025 பிப்ரவரிக்கு முன்பு பாய் ஸ்கவுட்ஸ் ஆஃப் அமெரிக்கா) படி உயர்வுக்கென்று தனி வழிகாட்டி நூல் வைத்திருக்கிறது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. எந்தக் கவுன்சிலும், எந்த ட்ரூப்பும், எந்தத் தனி மனிதரும் தேவைகளில் ஒன்றைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. ஈகிளுக்கு மேல் வயது வரம்பு உண்டு, 18. கீழ் வரம்பு என்று எதுவும் இல்லை. இருப்பது ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவிலுள்ள காத்திருப்புக் காலம்தான். ஃபர்ஸ்ட் கிளாஸிலிருந்து ஸ்டாருக்கு 4 மாதம், ஸ்டாரிலிருந்து லைஃபுக்கு 6 மாதம், லைஃபிலிருந்து ஈகிளுக்கு இன்னொரு 6 மாதம். 11 வயதில் சேர்ந்து ஃபர்ஸ்ட் கிளாஸைத் தாமதமில்லாமல் முடிக்கும் சிறுவன் 13 வயதில் அங்கே வந்து நிற்பது கணக்குப்படி சாதாரணம். 16 என்ற வயது, ஜூனியர் அசிஸ்டன்ட் ஸ்கவுட்மாஸ்டர் பொறுப்புக்கு உண்டு, ஈகிளுக்கு இல்லை. ஆகவே உங்கள் ஸ்கவுட்மாஸ்டர் வயதைக் காட்டிக் கையெழுத்தை நிறுத்திவைக்க முடியாது.

ரிவ்யூ போர்டில் மறுபடி தேர்வு வைப்பதும் முடியாது. மூன்று முதல் ஆறு பேர், 21 வயது நிறைந்தவர்கள், ஸ்கவுட்மாஸ்டரும் துணை ஸ்கவுட்மாஸ்டர்களும் நீங்கலாக உட்கார்ந்து பையனோடு பேசும் இடம் அது. எந்த முகாம் பிடித்தது, எங்கே திணறினாய், முதலுதவி படித்தாயே, அதைப் பயன்படுத்த நேர்ந்ததா என்றெல்லாம் தாராளமாகக் கேட்கலாம். கயிற்றைக் கையில் கொடுத்து முடிச்சுப் போடு என்று சொல்லக் கூடாது. முடிவு ஒருமித்ததாக இருக்க வேண்டும். மறுத்தால் ஏன் மறுக்கிறோம், என்ன செய்தால் சரியாகும் என்று பையனிடம் சொல்லியாக வேண்டும். அவன் மேல்முறையீடும் செய்யலாம்.

இவ்வளவு சொன்னபிறகும் அந்த ஸ்கவுட்மாஸ்டரின் கவலையை நான் தள்ளிவிட மாட்டேன். கவலை சரிதான், அதை வைத்த இடம்தான் தவறு. கோடை முகாமில் ஒரே வாரத்தில் ஐந்தாறு மெரிட் பேட்ஜ் வாங்கிக்கொண்டு வருகிற பிள்ளைகளை அவர் வருடக்கணக்கில் பார்த்திருப்பார். முதலுதவி பேட்ஜை மார்பில் வைத்திருப்பவன், பக்கத்தில் ஒருவனுக்குக் கையில் கத்தி பட்டால் பெரியவர்களைத் தேடி ஓடுவான். எரிச்சல் வரத்தான் செய்யும். ஆனால் பேட்ஜைக் கற்றுத்தரும் ஆலோசகர் கையெழுத்திட்டபின் ட்ரூப் அதைப் பிடுங்கிக்கொள்ள நினைப்பது, பயணம் முடிந்து இறங்குகிறவனிடம் டிக்கெட் பரிசோதிப்பதைப் போன்றது. கண்டிப்பைக் காட்டும் இடம் கற்றுத்தரும் மேடை. தொடக்கப் படிகளான டெண்டர்ஃபுட், செகண்ட் கிளாஸ், ஃபர்ஸ்ட் கிளாஸ் தேவைகளுக்கு உங்கள் ட்ரூப்பில் யார் யார் கையெழுத்திடலாம் என்பதை முடிவு செய்வது ஸ்கவுட்மாஸ்டர். அவர் அந்த உரிமையைச் சிலருக்கு மட்டும் கொடுக்கலாம். 'செய்து காட்டு' என்று கையேட்டில் இருந்தால் செய்து காட்டினால்தான் கையெழுத்து, வாயால் சொன்னால் போதாது என்று அவர்களைப் பழக்கலாம். கற்றவனை அடுத்த மாதமே புதிய பிள்ளைகளுக்குக் கற்றுத்தர நிறுத்தலாம். முகாமில் சமையலை முழுவதுமாகப் பிள்ளைகளிடமே விட்டுவிடலாம். அரை வேக்காட்டுச் சோற்றைத் தின்றவன் அடுத்த முறை தண்ணீர் அளவை மறக்க மாட்டான். முகாமில் பேட்ஜ் கண்மூடித்தனமாகக் கொடுக்கப்படுகிறது என்று தெரிந்தால் கவுன்சிலுக்கு எழுதலாம், அதற்கும் வழி இருக்கிறது. இதெல்லாம் வருடம் முழுவதும் செய்ய வேண்டிய வேலை. ஒரு மாலையில் போர்டு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து விறைப்பாக இருப்பது அதைவிட எளிது. அதனால்தான் கண்டிப்பானவர்கள் பலர் அங்கே வந்து சேர்கிறார்கள்.

பொறுப்புப் பதவி விஷயத்திலும் இதே கோளாறு நடக்கும், இப்போதே கவனித்துக்கொள்ளுங்கள். ஸ்டார், லைஃப், ஈகிள் மூன்றுக்கும் ட்ரூப்பில் ஏதாவது ஒரு பொறுப்பில் இருந்து வேலை செய்திருக்க வேண்டும். (பியூகிள் என்ற ஊதுகொம்பை ஊதும் பொறுப்பு ஸ்டாருக்கும் லைஃபுக்கும் செல்லும், ஈகிளுக்குச் செல்லாது. ஏன் என்று கேட்டு ஊதுகிற பிள்ளைகள் மனம் வருந்துவதுண்டு.) ஆறு மாதம் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டு, ஏழாம் மாதத்தில் 'நீ ஒழுங்காக வேலை செய்யவில்லை' என்று சொன்னால் அது செல்லாது. என்ன எதிர்பார்க்கிறோம் என்பதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்; தவறும்போது அப்போதே கூப்பிட்டுத் திருத்தியிருக்க வேண்டும்.

இப்போது உங்களிடம் ஒரு கேள்வி. மகனுடைய பேட்ஜ் ஆலோசகர்களுக்கு மின்னஞ்சல் எழுதியது யார்? எந்த பேட்ஜ் எந்தத் தேதிக்குள் முடிய வேண்டும் என்று கணினியில் அட்டவணை போட்டது யார்? நம் குடும்பங்களில் இதற்கு விடை பெரும்பாலும் அப்பா அல்லது அம்மா. கல்லூரி விண்ணப்பத்தில் ஈகிள் என்று ஒரு வரி சேர வேண்டும், ஒன்பதாம் வகுப்பில் படிப்புச் சுமை ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் அதற்குப் பின்னால் இருக்கும். உங்கள் வீட்டில் அப்படி இல்லாமல் இருக்கலாம். ஆனால் ஸ்கவுட்மாஸ்டர் '16 வயது' என்று சொல்லும்போது, முகத்துக்கு நேரே சொல்லத் தயங்கும் இந்த விஷயத்தைத்தான் சுற்றி வளைத்துச் சொல்கிறார் என்பது என் ஊகம். விதி உங்கள் பக்கம் இருக்கிறது என்பதற்காக அவர் சொல்வதைக் கேட்காமல் விட வேண்டாம். ஈகிளுக்குப் பிறகு மகன் ட்ரூப்பில் என்ன செய்யப்போகிறான் என்று அவரிடமே யோசனை கேளுங்கள். புதுப் பிள்ளைகளுக்கு வழிகாட்டும் ட்ரூப் கைடு பொறுப்பை 13, 14 வயதில் ஏற்று நன்றாகச் செய்கிறவர்கள் உண்டு. அதையும் மகனே வாயைத் திறந்து கேட்கட்டும்.

அடுத்தது தமிழ்ப் பள்ளி அலமாரி. 1912-இல் ஆர்தர் எல்ட்ரெட் முதல் ஈகிள் ஆனபோதும் 21 பேட்ஜ்தான், இன்றும் 21தான். அவருக்கு இல்லாமல் இன்றைய பிள்ளைகளுக்கு இருப்பது சேவைத் திட்டம். 1965-இல்தான் அது தேவையாகச் சேர்ந்தது. லைஃப் படியில் இருக்கும்போது ஒரு வழிபாட்டு நிலையத்துக்கோ, பள்ளிக்கோ, சமூகத்துக்கோ பயன்படும் ஒரு பணியைத் திட்டமிட்டு, வளர்த்து, மற்றவர்களுக்குத் தலைமை ஏற்று நடத்த வேண்டும். பயன் சாரண இயக்கத்துக்கு வெளியே உள்ள அமைப்புக்குப் போய்ச் சேர வேண்டும். இவ்வளவுதான். தமிழ்ப் பள்ளி ஒரு பள்ளி. சர்ச்சுக்கு வேலி போட்டுத் தந்த பையன்களின் ஈகிள் திட்டங்களை உங்கள் கமிட்டி பல முறை ஏற்றிருக்கும்; அதில் பலர் அதே சர்ச்சுக்குப் போகிறவர்களாக இருந்திருப்பார்கள். அங்கே 'உங்கள் ஆட்கள்' என்ற கேள்வி வரவில்லையென்றால் இங்கேயும் வர வேண்டியதில்லை. இதைக் கோபப்படாமல், ஆனால் மழுப்பாமல் கேளுங்கள். பையனின் அம்மா அந்தப் பள்ளியில் ஆசிரியை என்றால் மட்டும், பள்ளியின் சார்பில் வேறொருவர் கையெழுத்திடட்டும்.

100 மணி நேரம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும், எல்லாக் கமிட்டிகளுக்கும் அது வந்து சேர்கிறது. ஸ்டாருக்கு 6 மணி நேர சேவை, லைஃபுக்கும் 6 மணி நேரம், அதில் 3 மணி நேரமாவது இயற்கைப் பாதுகாப்பில் என்று கீழ்ப் படிகளில் மணிக் கணக்கு இருக்கிறது. எனவே ஈகிளுக்கு அதைவிடப் பெரிய எண் ஒன்று இருந்தாக வேண்டும் என்று மனம் எதிர்பார்க்கிறது. ஈகிளுக்கு மணிக் கணக்கே கிடையாது. பணி முடிந்தபின் எத்தனை மணி நேரம் ஆனது என்று குறித்துத் தருவது புள்ளிவிவரத்துக்காக மட்டும். கீழ்ப் படிகளில் பையன் வேலை செய்கிறான், இங்கே வேலை வாங்குகிறான். அவனைத் தவிர இரண்டு பேராவது அவன் சொல் கேட்டு இயங்கியிருந்தால் போதும். 40 மணி நேரத்தில் பத்துப் பேரை நன்றாக வழிநடத்தியவன், 200 மணி நேரம் தனியாகச் சுவருக்கு வண்ணம் பூசியவனைவிட இந்தத் தேவையை நன்றாகவே நிறைவேற்றியிருக்கிறான்.

கமிட்டி கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. தலைமை ஏற்கப் போதிய இடம் இதில் இருக்கிறதா? இவனால் செய்து முடிக்கக்கூடியதா? பாதுகாப்புக்கு என்ன யோசித்திருக்கிறான்? அடுத்து என்னென்ன விவரங்களைத் திட்டமிட வேண்டும் என்று அவனுக்குத் தெரிகிறதா? முன்மொழிவைப் பார்க்கும் கட்டத்தில் இவ்வளவுதான் வேண்டும். ஒவ்வோர் ஆணிக்கும் விலை எழுதித் தா என்பதும் அந்தக் கட்டத்தில் மிகை. கமிட்டியினரிடம், பையனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அலமாரி எந்த அறையில் நிற்கப்போகிறது என்று கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வார இறுதித் தமிழ்ப் பள்ளிகள் பல, வேறொருவர் கட்டடத்தில் ஞாயிறு தோறும் இடம் வாங்கி நடப்பவை. அப்படியென்றால் கட்டட உரிமையாளர் அலமாரியை அங்கேயே நிறுத்த ஒப்புவாரா, இல்லையென்றால் சக்கரம் வைத்துத் தள்ளிப்போக வேண்டுமா? இந்தக் கேள்விக்கு அவன் தயாராக வந்திருந்தால் எனக்கு வேறெதுவும் வேண்டாம்.

இந்தத் திட்டத்துக்கு உண்மையான ஆபத்து அந்த அப்பா. அன்பினால்தான் சொல்கிறார், சந்தேகமில்லை. வட்ட ரம்பம், சங்கிலி ரம்பம் போன்ற மின் கருவிகளை 18 வயது நிறையாதவர்கள் தொடக் கூடாது என்பதால் அவருக்கு நல்ல சாக்கும் கிடைத்துவிடுகிறது. பலகை அறுப்பதை அவர் செய்யட்டும், அல்லது மரம் வாங்கும் கடையிலேயே அளவுக்கு அறுத்து வாங்கிக்கொள்ளட்டும். அளவெடுப்பது, குறியிடுவது, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது, கையால் திருகாணி முடுக்குவது, வண்ணம் பூசுவது எல்லாம் பிள்ளைகள் செய்யலாம். எந்த வேலை யாருக்கு, எத்தனை மணிக்கு வர வேண்டும், மழை வந்தால் என்ன என்று சொல்பவன் அந்தப் பையனாக இருக்க வேண்டும். வேலை நாளில் யாராவது ஒரு சந்தேகத்தோடு அப்பாவிடம் வந்தால், அவர் மகனைக் கைகாட்டிவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும்.

படகுப் பயண விஷயத்தில் அதிகம் எழுத வேண்டியதில்லை. கமிட்டி சரியாகவே செய்தது. பதிவு பெற்ற, 21 வயது நிறைந்த பெரியவர்கள் இரண்டு பேர் இல்லாமல் எந்த நிகழ்ச்சியும் நடக்கக் கூடாது. 2023 செப்டம்பர் முதல், முகாமில் இரவு தங்கும் பெரியவர்கள் எல்லோருமே பதிவு பெற்றிருக்க வேண்டும். உங்கள் மருத்துவர் நல்லவர் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்திருக்காது. பதிவு என்பதில் பின்னணி விசாரணையும் சிறார் பாதுகாப்புப் பயிற்சியும் அடக்கம். நல்லவராகத் தெரிந்தவர்களை நம்பி விட்டதன் விலையை அந்த அமைப்பு கொடுத்திருக்கிறது. 2020 பிப்ரவரியில் திவால் மனு கொடுத்தபின், சிறு வயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானதாக 82,000-க்கும் மேற்பட்டோர் கோரிக்கை வைத்தார்கள். 246 கோடி டாலர் இழப்பீட்டுத் திட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. பெரியவர் ஒருவரும் சிறுவன் ஒருவனும் தனியாக இருக்கக் கூடாது என்ற விதி உங்களைச் சந்தேகிப்பதாகத் தோன்றும்போது இந்த எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள்.

கிணற்று நீச்சலைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நானும் அப்படித்தான் கற்றேன். கிணற்றில் உயிர் போனவர்கள் கமிட்டிக் கூட்டத்துக்கு வந்து எதிர்வாதம் செய்ய முடியாது என்பதால் அந்த வாதம் எப்போதும் வெல்கிறது. படகில் போவதற்கென்று தனிப் பயிற்சி பெற்ற பெரியவர் வேண்டும், உயிர்காப்பு உடை எல்லோருக்கும் வேண்டும், யார் எவ்வளவு நீந்துவார் என்று முன்கூட்டியே சோதித்திருக்க வேண்டும். ஆழத்தில் குதித்து 100 கெஜம் நீந்தி, முடிவில் அசையாமல் மிதந்து காட்டுவதுதான் அந்தச் சோதனை. இவற்றில் எதையும் மிகை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தண்ணீர் பலூன் பிங்பாங் பந்தைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது என்ற விதியைச் சொல்லுங்கள், சேர்ந்து சிரிக்கிறேன்.

கமிட்டியின் குறை ரத்து செய்ததில் இல்லை. இரண்டே பேரை நம்பிப் பயணம் போட்டதில் இருக்கிறது. ஒருவருக்குக் காய்ச்சல் வருவது எதிர்பாராத பேரிடரா? அந்த மருத்துவரையும் இன்னும் மூன்று நான்கு பெற்றோரையும் இந்த மாதமே பதிவு செய்ய வையுங்கள், படகுப் பாதுகாப்புப் பயிற்சியையும் முடிக்கச் சொல்லுங்கள். அடுத்த முறை ஆள் குறைந்தால் பயணம் நிற்காது.

யார் பக்கம் நிற்பது என்று கேட்டிருந்தீர்கள். யாராவது 'விதி இருக்கிறது' என்றால் விதி நூலில் எந்தப் பக்கத்தில் என்று கேளுங்கள், அவ்வளவுதான். 16 வயதுக்கும் 100 மணி நேரத்துக்கும் பக்கம் கிடையாது, இரண்டு பெரியவர்களுக்கு உண்டு. ஆனால் இதைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் ஸ்கவுட்மாஸ்டரிடம் கேட்க வேண்டாம். முந்தைய நாள் ஒரு காபிக்குக் கூப்பிட்டு, நூலைத் திறந்து வைத்து இருவரும் சேர்ந்து படியுங்கள். வருடக்கணக்கில் ஊதியமில்லாமல் பிள்ளைகளோடு கூடாரத்தில் படுத்தவருக்கு அந்த மரியாதை உண்டு. அவர் ஒப்பாவிட்டால், கவுன்சிலின் உட்பிரிவான டிஸ்ட்ரிக்டில் படி உயர்வைக் கவனிப்பவரிடம் கமிட்டித் தலைவர் மூலமாகக் கேட்கலாம்.

அதற்கு முன்பே செய்ய வேண்டியது, அந்த அலமாரிப் பையனின் முன்மொழிவு. பள்ளி, ஸ்கவுட்மாஸ்டர், கமிட்டி, டிஸ்ட்ரிக்ட் அல்லது கவுன்சில் என்று நான்கு கையெழுத்தும் விழாமல் அவன் ஒரு பலகையைக்கூட நிமிர்த்தக் கூடாது. குடும்பம், ட்ரூப், பள்ளி தவிர வெளியாரிடம் பணம் திரட்டுவதாக இருந்தால் அதற்குத் தனி விண்ணப்பம் வேறு. பணி 18-ஆம் பிறந்த நாளுக்குள் முடிந்தாக வேண்டும்; ரிவ்யூ போர்டு மட்டும்தான் அதற்குப் பிறகு நடக்கலாம். கூடுதல் கால அவகாசம் கேட்க வழி இருந்தாலும் அது எளிதில் கிடைப்பதில்லை. அடுத்த மாதக் கூட்டம்வரை அவனைக் காத்திருக்க வைக்காமல், இந்த வாரமே கமிட்டித் தலைவரை அழைத்து அவனுடைய தாளை மறுபடி எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.